ஆரை பறித்த வயல்

1967 செப்டம்பர் 24

நடவு முடிந்தது. ஏரிக்குக் கீழே இருக்கிற பெரிய வயல்தான் கடைசி. அம்மாவோடு சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். வயலுக்குப் போவது எனக்குப் பிடிக்கும். அங்கே எல்லோரும் குனிந்தே இருக்கிறார்கள். யாரும் என் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பதில்லை.

வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து ஆரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெல்லிய காம்பு, உச்சியில் நாலு இலை. ஈரச் சேற்றில் முளைத்தது விறைப்பாக நிற்கிறது. பக்கத்திலேயே தண்ணீருக்குள் முளைத்தது காம்பை நீளமாக வளர்த்துக்கொண்டு இலையை மட்டும் மேலே மிதக்க விட்டிருக்கிறது. இரண்டும் வேறு செடி என்று நினைத்தேன். விரலால் சேற்றைக் கிளறிப் பார்த்தால் ஒரே கொடி. கிணற்றடியில் வருகிற புளியாரைக்கு மூன்று இலை, மஞ்சள் பூ. இது பூப்பதே இல்லை. போன வருஷத்திலிருந்து தேடுகிறேன்.

சந்திரப்பிரபு அண்ணன் வரப்பில் வந்து நின்று சிரித்தான். “களைய பார்த்தா ஊர்ல எல்லாருக்கும் வயிறு எரியுது. நம்ம வீட்ல ஒருத்திதான் உக்காந்து ரசிக்கிறா.”

செப்டம்பர் 30

பவுனம்மாள் தோட்டத்துப் பக்கம் மாட்டுக்கு வைக்கோல் போட வந்தாள். அவள் அம்மா பூவாயி எங்கள் வயலில் வேலை செய்கிறவள். மூன்றாவது வரை பவுனம்மாளும் நானும் ஒரே பள்ளிக்கூடம். டீச்சர் என்னை எழுந்து வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. “அதுக்குத் தொண்ட வலி டீச்சர்” என்று அவள்தான் எழுந்து சொல்வாள். நாலாவதுக்கு அவள் வரவில்லை. அதற்கப்புறம் எனக்குத் தொண்டை வலி என்று சொல்ல யாரும் இல்லை.

எட்டாவதோடு நானும் நின்றுவிட்டேன். வயசுக்கு வந்ததால் நைனா நிறுத்திவிட்டார் என்று ஊரில் நினைக்கிறார்கள். நான்தான் போகமாட்டேன் என்றேன். ஒன்பதாவதில் தினம் ஒருவர் எழுந்து நின்று ஒப்பிக்கணுமாம்.

“இன்னா பாப்பா, நல்லாருக்கியா?” என்று கேட்டாள். முன்பு நீலா என்று கூப்பிடுவாள். தலையை ஆட்டினேன். அவள் போன பிறகுதான் கேட்க வேண்டியதெல்லாம் நினைவுக்கு வருகிறது. எப்போதும் இப்படித்தான்.

அக்டோபர் 5

அண்ணன் விவசாய ஆபீஸ் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தான். இரண்டு மருந்து சொன்னார்களாம். ஒன்று பூச்சிக்கு. ஒன்று களைக்கு.

“பூச்சி மருந்து நம்ம வயல்ல கூடாது. நெல்லு போனா போவட்டும்” என்றார் நைனா. அண்ணன் அதை எதிர்பார்த்திருப்பான் போல.

“சரி நைனா, பூச்சிக்கு வேணாம். களைக்கு அடிக்கறது வேற. புல்லு, கோரை, ஆரை, அதுக்கு மட்டுந்தான்.”

“அதுவும் உயிர்தான்டா.”

“ஓரறிவு. கையால புடுங்கினாலும் சாவத்தான் போவுது. நீங்களே சொல்லுங்க. களையெடுக்க இத்தினி பொம்பளைங்க சேத்துல எறங்கினா கால்ல எவ்ளோ புழு, நத்தை, நண்டுக்குஞ்சு மிதிபடுது? மருந்துன்னா ரெண்டே ஆளு. வரப்பு மேலயே நின்னு அடிச்சிடலாம்.”

பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டும் என்று அம்மா இலையைப் போட்டாள். சாப்பிடும்போது நைனா யோசித்துக்கொண்டே இருந்தார். மழைக்கால நாலு மாசமும் எங்கள் மாதிரி ஜைன நைனார் வீடுகளில் கீரை கிடையாது. இலைக்குள் கண்ணுக்குத் தெரியாத புழு இருக்கும். இன்றும் வாழைக்காய்தான்.

“நாம திங்காத எலை மேல மருந்து பட்டா இன்னா?” என்று அம்மா மோர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

“சேத்துல எறங்காம முடியும்னா செய்” என்றார் நைனா.

அண்ணன் கெட்டிக்காரன். நைனாவிடம் எதைச் சொன்னால் நடக்கும் என்று தெரிந்து வைத்திருக்கிறான்.

அக்டோபர் 9

மழை. ராஜகிரிக் கோட்டை மலை தெரியவே இல்லை.

அக்டோபர் 13

பூவாயி வந்தாள். நான் உள்ளே அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். களையெடுப்பு எப்போது என்று கேட்டாள். இந்த வருஷம் களையெடுப்பு இல்லை என்று அம்மா சொன்னாள்.

“இல்லியா? ஏம்மா?”

“தம்பி வேற ஏற்பாடு பண்ணியிருக்கான். ஆம்பளைங்க சமாச்சாரம், எனக்கு இன்னா தெரியும்?”

பிறகு பூவாயி, “கூலி போவுதுன்னா ஆரையும் போவுதா? அத்த மட்டும் பறிச்சிக்கிறோம்மா” என்றாள்.

“அத்த வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற?”

பூவாயி சிரித்துவிட்டாள். “நல்லா கேட்ட போ. களையெடுக்க வரவளுங்க மடி நெறைய இன்னாத்த கட்டிக்கினு போறாங்கன்னு நெனச்ச? புளி விட்டு கடைஞ்சா ரெண்டு வேளைக்கு வரும். ரேஷன் கடையில அரிசி போடற லட்சணத்துக்கு அதுதான் சோறு.”

“பறிச்சிக்கோ, பறிச்சிக்கோ. நெல்ல மிதிக்காம இருந்தா சரி.”

இத்தனை வருஷம் எங்கள் வயலில் இருந்து ஆரை போகிறது. நானும் அதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது யாருக்கோ சாப்பாடு என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

அக்டோபர் 17

சதுர்த்தசி. அம்மா உபவாசம்.

அண்ணன் முற்றத்தில் தண்ணீரை ஊற்றி மருந்தடிக்கிற பம்பைப் பழகிக்கொண்டிருந்தான். முதுகில் மாட்டிக்கொண்டு ஒரு கையால் அடிக்க வேண்டும். என் மேலும் கொஞ்சம் அடித்தான். வெறும் தண்ணீர்தான். மருந்து டின்னை மாட்டுக்கொட்டகைப் பரணில் வைத்திருக்கிறான். யாரும் தொடக்கூடாது என்று இரண்டு தரம் சொன்னான். டின்னில் மண்டையோடு போட்டிருக்கிறது.

அக்டோபர் 19

இரண்டு நாளாக நல்ல வெயில். வயலில் தண்ணீரை வடித்துவிட்டு இன்று காலை அடித்து முடித்தார்கள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு போனான் அண்ணன். வந்து கிணற்றடியிலேயே சட்டையைக் கழற்றிப் போட்டுக் குளித்தான். ஆனாலும் ஒரு நாற்றம் போகவில்லை.

உடனே சாகாதாம். நாலைந்து நாள் பச்சையாகவே இருக்குமாம். அப்புறம் காம்பெல்லாம் முறுக்கிக்கொண்டு விழுமாம்.

“மாட்டுக்காரனுங்களுக்கெல்லாம் சொல்லிட்டேன். பத்து நாளைக்கு அந்தப் பக்கம் ஓட்டக்கூடாதுன்னு” என்றான்.

“பூவாயிக்கு?” என்று கேட்டேன்.

“அவளுக்கு எதுக்கு? களையெடுப்பே இல்லைன்னு அம்மா சொல்லியாச்சே.”

அம்மா பறிச்சிக்கோ என்று சொன்னதை அவனிடம் சொல்லியிருக்கணும். சொல்வதற்குள் எழுந்து போய்விட்டான். அம்மாவிடம் சொல்லலாம் என்றால் விடிந்ததும் எல்லோரும் தொண்டூர் போக மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார்கள், பெரியப்பா வீட்டில் விசேஷம். அவ்வளவு கூட்டத்துக்கு நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். நாளைச் சாயங்காலம் அம்மா வந்ததும் முதல் வேலையாகச் சொல்லிவிடணும். ஒரு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது?

அக்டோபர் 20

ஒரு விரல் கொப்பளிச்சிருக்கு. இருந்தாலும் எழுதிடறேன், எழுதலைன்னா தூங்க முடியாது.

பொழுது சாயற நேரம். நான் சாப்பிட்டுவிட்டு ஜன்னல்கிட்ட உட்கார்ந்திருந்தேன். பவுனம்மாளும் இன்னொரு பெண்ணும் தெருவில் போனார்கள். அந்தப் பெண் களையெடுக்க வருகிற மீனம்பாள். முழங்கால் வரை சேறு. சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். இரண்டு பேர் மடியிலும் ஆரை பிதுங்கிக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் நீண்டு வளர்ந்ததை, தண்ணீர் வடித்துவிட்ட எங்கள் வயலில் எடுத்தால்தான் அவ்வளவு நீளக் காம்போடு வரும்.

பவுனு என்று கூப்பிட்டேன். கூப்பிட்டேன் என்றுதான் நினைத்தேன். உதடுதான் அசைந்தது. அவர்கள் தெருமுனையில் திரும்பிப் போய்விட்டார்கள்.

அப்புறமும் நின்னுக்கிட்டே இருந்தேன். பக்கத்து வீட்ல சொல்லலாமா? சொன்னா யாரு சேரிக்குப் போவாங்க? அம்மா இப்ப வந்துடுவா. வண்டிச் சத்தம் கேக்குதா? கேக்கல. தெருவில் ஒரு வீட்டில் விளக்கு ஏற்றினார்கள். அதைப் பார்த்ததும் அடுப்பு மூட்டியிருப்பார்கள் என்று தோன்றியது. ஓடினேன். செருப்புகூடப் போடல.

அந்தப் பக்கம் நான் போனதே இல்லை. எல்லாக் கூரையிலும் புகை. எது பூவாயி வீடு? பவுனம்மாள் யாரையோ கூப்பிடுகிற சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். வாசலிலேயே அடுப்பு. சட்டியில் கீரை கொதிக்கிறது. பூவாயி கிளறிக்கொண்டிருந்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்கம்பக்கத்திலிருந்தும் எட்டிப் பார்த்தார்கள்.

“இன்னா பாப்பா, நீ எங்க இங்க? யாரு அனுப்பினாங்க?”

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

பூவாயி கரண்டியிலிருந்து கொஞ்சம் உள்ளங்கையில் விட்டாள். உப்புப் பார்க்க. கையை வாய்க்குக் கொண்டுபோனாள். ஒரு கையால் அவள் கையைத் தட்டினேன். இன்னொரு கையால் சட்டியைத் தள்ளிவிட்டேன். அது உருண்டு மண்ணில் கொட்டியது.

அப்புறம் பூவாயி எழுந்தாள்.

“எங்கூட்டு சட்டிய கவுக்க நீ யாரு? உங்கம்மா பறிச்சிக்கோன்னுதான் பறிச்சோம். திருடியா வந்தோம்? அரிசி இல்ல, கேவுறு இல்ல. இந்தத் தழை கூட உங்களுக்குக் கண்ண உறுத்துதா?”

நான் தலையை ஆட்டுறேன், ஆட்டுறேன். இல்லைன்னு ஆட்டுறேன். அது அவளுக்கு இன்னும் கோவம். ஒரு ஆள், “நைனாரு பொண்ணாச்சேன்னு பாக்கறோம்” என்றான்.

பவுனம்மாள்தான் குறுக்கே வந்தாள். “இரும்மா. அதுக்கு கூட்டத்த பாத்தா வாய் வராது. இஸ்கூல்லயே அப்படித்தான்.” என் கையைப் பிடித்தாள், சுட்ட கையை. “நீலா. என்னிய மட்டும் பாரு. இன்னா?”

“மருந்து.”

“யாருக்கு மருந்து?”

“வயல்ல. நேத்து அடிச்சாங்க. ஆரைக்கு. அது விஷம்.”

பூவாயி தன் உள்ளங்கையைப் பார்த்தாள். மண்ணில் தேய்த்தாள். திரும்பத் திரும்பத் தேய்த்தாள். பவுனம்மாள் அதற்குள், “மீனாக்கா, தின்னாத, தின்னாத” என்று கத்திக்கொண்டு ஓடிவிட்டாள்.

மீனம்பாள் சாப்பிட்டு முடித்திருந்தாள்.

நான் ஜன்னல்கிட்ட நின்ன நேரத்துல.

வீட்டுக்கு வந்தபோது வண்டி வந்துவிட்டிருந்தது. சேரிக்கா போனே என்று அம்மா என்னைக் கிணற்றடியிலேயே நிறுத்தித் தலையில் தண்ணீர் ஊற்றினாள். ஊற்ற ஊற்றச் சொன்னேன். பாதியில் குடத்தை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். “நாந்தான பறிச்சிக்கோன்னேன்” என்றாள். நைனா உள்ளே வரவே இல்லை. அப்படியே வண்டியைத் திருப்பச் சொல்லி அண்ணனோடு போய்விட்டார்.

அக்டோபர் 21

மீனம்பாளை எங்கள் வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். வாந்தி நிற்கவில்லை. கண் திறக்கிறாள், பேச்சு குழறுகிறது. அவள் குழந்தைக்குக் கீரை பிடிக்காது, கஞ்சி மட்டும் குடித்திருக்கிறது. இன்னும் இரண்டு வீட்டில் அடுப்பில் இருந்ததைக் கொட்டிவிட்டார்கள்.

நைனா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அண்ணன் ஒரு மூலையில். “மாட்டுக்குச் சொன்னேன்” என்று ஒரு தரம் சொன்னான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை.

அக்டோபர் 23

இன்று மீனம்பாள் எழுந்து உட்கார்ந்தாளாம். பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நைனா கஞ்சி குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு, “நத்தைக்கும் நண்டுக்கும் யோசிச்சேன். நாம நாலு மாசம் கீரை தொடறதில்ல. ஊர்லயே யாரும் தொடமாட்டாங்கன்னு இருந்துட்டேன்” என்றார். அம்மாவுக்குச் சொன்னாரா, எனக்கா? நான் அங்கே இருந்தேன், அவ்வளவுதான்.

என்னை யாரும் திட்டவில்லை. அண்ணன் மட்டும், “அன்னிக்கி ராத்திரியே ஏன் சொல்லல?” என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை.

அக்டோபர் 27

நைனா நெல் கொடுத்தனுப்பினார். வாங்கிக்கொண்டார்கள். வேலைக்கு யாரும் வரவில்லை. பூவாயியைத் தெருமுனையில் பார்த்தேன். என்னைப் பார்க்காத மாதிரி போனாள். பார்க்காத மாதிரிதானா, பார்க்கவே இல்லையா?

நவம்பர் 4

பெரிய வயலில் ஆரை செத்துவிட்டது. காம்பெல்லாம் முறுக்கிக்கொண்டு இலை பழுத்துக் கிடக்கிறது. கோரையும் போய்விட்டது. நெல் மட்டும் தனியாகக் கறுகறுவென்று நிற்கிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, அதுதான் கஷ்டம். மீதி மருந்தை அண்ணன் ஆபீஸிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டான். ஆனால் வரப்பில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்க்கிறார்கள். களையெடுக்காமலே இப்படியா என்று கேட்டு மேற்கே நிலம் வைத்திருக்கிற இளையபெருமாள் ரெட்டியார் நேற்று வீட்டுக்கே வந்துவிட்டார். ஒரு பொம்பளை சாகக் கிடந்தாள் என்று அண்ணன் சொன்னான். “நான் சாக்கிரதையா அடிக்கிறேன் தம்பி” என்றார் அவர்.

நவம்பர் 7

பவுனம்மாள் தோட்டத்துப் பக்கம் வந்தாள். மாட்டுக்கு வைக்கோல் போட அல்ல, என்னைப் பார்க்க.

“மீனாக்கா ஊட்டுக்கு வந்துட்டாங்க. கீரைன்னாலே மூஞ்ச திருப்பிக்கிறாங்க. அவங்க திருப்பிக்கலாம். நாங்க இன்னா செய்யிறது?” என்றாள். எந்த வயலில் மருந்து, எந்த வயலில் இல்லை என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நாலைந்து பேர் டின் வாங்கிவிட்டார்களாம். இவர்கள் போய்க் கேட்டால் எவன் சொல்லுவான், கீரை திருட வந்தியா என்பான்.

“நீ கேட்டு சொல்லு.”

“நானா?”

“நைனாரு பொண்ணு கேட்டா சொல்லுவாங்க.”

“அண்ணன கேக்கச் சொல்றேன்.”

“உங்கண்ணன் மாட்டுக்குத்தான் சொல்லுவாரு” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம், “எங்கம்மாதான் உன்ன கேக்கச் சொன்னாங்க” என்றாள்.

நவம்பர் 8

ரெட்டியார் வீட்டு வாசல் வரை போனேன். திரும்பி வந்துவிட்டேன்.

நவம்பர் 9

மறுபடி போனேன். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. யாரோ விருந்தாளி. திரும்பி வந்துவிட்டேன். அம்மா எங்கே போனாய் என்று கேட்டாள். சும்மா என்றேன். என்ன பொண்ணு நான்.

நவம்பர் 11

கேட்டுட்டேன்.

ரெட்டியார் வாசலில் பல் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தப்பிக்க முடியவில்லை, என்னை அவர் பார்த்துவிட்டார். நின்றேன். சட்டி உருண்ட சத்தத்தை நினைத்துக்கொண்டேன். “உங்க வயல்ல மருந்தடிச்சாச்சா?” என்று கேட்டேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

“அடேய், நைனாரு பொண்ணு பேசுது. நான் இம்மா நாளு ஊமைன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்” என்று உள்ளே பார்த்துக் கத்தினார். உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். காதெல்லாம் சூடு. ஆனாலும் நான் நகரவில்லை.

“வர வெள்ளிக்கிழமை அடிக்கப்போறேன். ஏன், உங்க நைனாவுக்கு வேணுமா?”

“இல்ல. ஆரை பறிக்கறவங்களுக்குச் சொல்லணும்.”

அவர் பல் குத்துவதை நிறுத்தினார். “கீழ் மூலையில அடிக்க மாட்டேன். வாய்க்கா ஓரம் பூரா உட்டுடறேன். அங்க பறிச்சிக்கட்டும்” என்றார்.

பவுனம்மாளிடம் அப்படியே சொன்னேன்.

நவம்பர் 16

பூவாயி களத்துமேட்டில் வேலைக்கு வந்திருந்தாள். நான் மோர் கொண்டுபோனேன். வாங்கிக் குடித்தாள். “கை ஆறிடிச்சா?” என்று கேட்டாள். காட்டினேன். பார்த்துவிட்டு, “எங்க சட்டி ஓட்டையாப் போச்சு” என்றாள். சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

நவம்பர் 22

ரெட்டியார் வெள்ளிக்கிழமை சொன்னது மழையால் தள்ளிப்போய் நேற்றுத்தான் அடித்தார். வாய்க்கால் ஓரத்தைச் சொன்னபடி விட்டிருக்கிறார். நானே போய்ப் பார்த்தேன். பக்கத்து வயல் ராஜாங்கம் தை வரைக்கும் அடிக்கப்போவதில்லை என்கிறார். ஆனால் அவர் வீட்டு நடையில் புது டின் இருக்கிறது, நாளை மறுநாள் இன்னொரு தரம் கேட்கணும். கரைக்கு உட்புறம், ஏரி உள்வாயில், தண்ணீர் ஏறியிருக்கிறது. கரையோரம் எல்லாம் ஆரை மிதக்கிறது. அங்கே யாரும் எதுவும் அடிக்கமாட்டார்கள், ஆனால் மீனம்பாளுக்கு அவ்வளவு தூரம் நடக்க இன்னும் தெம்பு வரவில்லை.

கோட்டை மதிலோரம் இருக்கிற இரண்டு வயல் யாருடையது என்று தெரியவில்லை. அனந்தபுரத்துக்காரர் ஒருவர் குத்தகை எடுத்திருக்கிறாராம், முன்கோபியாம். பவுனம்மாள் நாளைக் காலையில் அந்தப் பக்கம்தான் பறிக்கப் போகிறாளாம். அதற்கு முன்னால் நான் போய் அவரைக் கேட்டுவிடணும்.